எட்டாவது நரம்பு

அந்த மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு எத்தனை மாதம் ஆயிற்றோ தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். உங்களுக்குக் கேட்கவில்லையா சார்? எனக்குக் கேட்கிறது. என் காது அப்படி. முப்பது கட்டில் போட்ட வார்டின் ஒரு கோடியில் யாருக்காவது மூச்சு மாறினால் மறு கோடியில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரிந்துவிடும். நிறுத்தச் சொல்லவில்லை. பம்பாயில் அக்டோபர் மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறவள் பைத்தியக்காரியாகத்தான் இருக்க வேண்டும். ஓடட்டும்.

உங்களை மாட்டுங்காவிலிருந்து டாக்ஸி வைத்து அழைத்து வந்ததாக மேட்ரன் சொன்னார். இந்த ஆஸ்பத்திரி ஆபீசில் தமிழ் எழுத்து வாசிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. என்னைப் பற்றிய காகிதத்தை என்னிடமே நீட்டி வாசித்துக் காட்டு என்று சொல்ல முடியாதல்லவா, அதனால் உங்களுக்கு இந்த அலைச்சல். நீங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. மாணவி முப்பிடாதியம்மாளின் விடைத்தாளில், நாலாவது கேள்விக்கான பதிலில், ‘முப்பத்தொன்பது’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘நாற்பத்தொன்று’ என்று சிவப்பு மையில் திருத்தியது யார், ஏன்.

நான்தான் திருத்தினேன். முப்பத்தொன்பது தப்பு, அதனால் திருத்தினேன். இதற்கு மேலும் வேண்டுமென்றால் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக நர்சிங் மாணவிகளுக்கு மருந்துப் பாடம் எடுக்கிறேன். எதையும் பாதியில் ஆரம்பிக்க எனக்கு வராது.

பெயர் பேராச்சி. வயது முப்பத்தொன்பது. வேலை, சிஸ்டர் டியூட்டர். இருப்பது தாராவி. கல்யாணம் ஆகவில்லை. முப்பிடாதி என் கூடப்பிறந்த தங்கை, எனக்குப் பதினேழு வருஷம் இளையவள். அம்மா அவளைப் பெற்ற மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். அது நாற்பத்துமூன்றாம் வருஷம். பெனிசிலின் என்று ஒன்று வந்திருந்தது. பட்டாளத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பெற்றிருந்தால் பிழைத்திருப்பாள். ஒவ்வொரு வருஷமும் புது மாணவிகளுக்கு முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். யாரோ ஒரு தாய் என்று சொல்வேன், என் தாய் என்று சொல்வதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் தாய். பஞ்சை நனைத்துப் பால் பிழிந்தது நான். தாராவியில் பிறந்த பிள்ளைகள் இந்தி எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளை உட்காரவைத்துத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். சொன்ன சொல் தட்டமாட்டாள். சந்தில் எத்தனை பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, வாசலில் நின்று ‘முப்பிடாதி’ என்று ஒரு குரல் கொடுத்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைச் சொல்லித்தான் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள்.

அப்பா பெயர் பிச்சையா. தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் காலில் தோல் உரிந்துதான் நான் நர்ஸ் ஆனேன். அறுபத்தொன்றாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கோலி என்று இங்கே சொல்கிற எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே அறை. அதில் பாதி அவருடைய இரும்புக் கட்டில். அவருக்கு நல்லபடியாக இருக்கிற இடது கையில் ஒரு பித்தளைத் தம்ளர். அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் பெட்பேன். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் வேண்டாம், யாராவது பக்கத்தில் வர வேண்டும்.

நான் அவரை வெறுக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாலு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. எந்த ஆஸ்பத்திரியில் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

மாணவிகள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அப்பாவைக் காரணம் காட்டி முப்பிடாதியை வீட்டில் வைத்துக்கொள்ள நான் அனுமதி வாங்கியிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் டியூட்டிக்குப் போகிற நேரத்தில் பக்கத்துக் கோலி நூர் நிஷா வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் மாற்றி மாற்றி நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை முப்பிடாதி வீட்டில் இருப்பாள், நான் மாஹிம் கடற்கரைக்குப் போவேன். அங்கே எனக்கு ஒன்றும் வேலையில்லை. மீன் நாற்றம், சேறு, படகுக்காரர்களின் கூச்சல். ஆனால் யாரும் எதையும் தட்டமாட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்துக்கொண்டே ஆறு நாளை ஓட்டிவிடலாம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஜனவரியில் மாணவிகளுக்கு வழக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயில் முப்பிடாதியின் இடது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. க்ஷயம். வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தன் பிள்ளைக்கு வந்தால் வேறு. டாக்டர் மாத்திரையும் பவுடரும், தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் எழுதினார். படிப்புக்கு லீவு. ஊசியை நானே வீட்டில் போடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டேன். தினமும் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, மருந்தைக் கரைத்து, ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம். தொண்ணூறு நாள், ஒரு நாள் தவறவில்லை. ஏப்ரலில் எடுத்த படத்தில் நிழல் இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அக்கா கை பட்ட ராசி” என்று இந்தியில் சொன்னார். ஊசியை நிறுத்திவிடலாம், மாத்திரை மட்டும் தொடரட்டும் என்று சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். மருந்து விஷயமெல்லாம் அவள் என்னிடம் விட்டுவிட்டாள். அதனால் அந்தச் சீட்டை நான் மட்டும்தான் பார்த்தேன்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு நீலக் கவர்.

“அக்கா, லெட்டர் வந்துட்டுக்கா. பர்மிங்ஹாம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. பரீட்சை முடிச்சதும் வான்னு எழுதியிருக்காவ.”

“நீ எப்பட்டி எழுதிப் போட்ட?”

“படுத்துக் கெடந்தப்ப. கெடைக்காதுன்னு நெனச்சேன், அதான் சொல்லல. நான் போயி ஒரு வருசத்துல ஒன்னையும் கூப்பிட்டுக்கிடுவேன்.”

“அப்பாவ?”

அந்த நேரம் பார்த்து உள்ளே இரண்டு தட்டு கேட்டது. அவள் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் புரட்டிவிட ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே கடிதத்தை வாசித்தேன். வருகிற நர்சுக்கு அங்கே மூன்று பரிசோதனை உண்டு என்று போட்டிருந்தது. மார்பு, கண், காது.

அவள் போய்விட்டால் மிஞ்சுவது என்ன என்று பார்த்தேன். அந்தக் கோலியும் கட்டிலும் தம்ளரும் நானும். அப்பாவுக்கு அறுபத்திரண்டுதான். இருதயம் நன்றாக இருக்கிறது, நான் கவனிக்கிற கவனிப்புக்கு இன்னும் பதினைந்து வருஷம் இருப்பார். கணக்குப் போட்டால் எனக்கு ஐம்பத்துநாலு ஆகியிருக்கும். அவள் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவாள், பனியில் நின்று எடுத்த போட்டோ அனுப்புவாள். நான் அவள் மேல் கோபப்படவில்லை. அவளுக்கு உலகம் தெரியாது என்றுதான் நினைத்தேன். நுரையீரல் ஒரு தடவை கெட்ட பெண்ணுக்கு அந்தக் குளிர் ஆகுமா? அங்கே மறுபடி இருமினால் யார் பார்ப்பார்கள்? இவளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

மார்பு சரியாகிவிட்டது, அதை நானே சரியாக்கினேன். கண்ணில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி கொஞ்சம் பாடம், சார். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. காதுக்குப் போகிற நரம்புக்கு எட்டாவது நரம்பு என்று பெயர். ஒரே நரம்புதான், ஆனால் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, நாம் ஆடாமல் நிற்பது. இன்னொன்று, கேட்பது. ஸ்ட்ரெப்டோமைசின் அளவுக்கு மிஞ்சினால் முதலில் நிற்பதைக் கெடுக்கும். நோயாளி தள்ளாடுவார், தலை சுற்றுகிறது என்பார். அதனால்தான் ஊசி போடுகிற நர்ஸ் தினமும் தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதே குடும்பத்தில் இன்னொரு மருந்து உண்டு, டைஹைட்ரோ ஸ்ட்ரெப்டோமைசின். கிருமியை இதுவும் கொல்லும். ஆனால் இது நிற்பதை அதிகம் தொடாது, நேரே கேட்பதற்குப் போகும். அதனால் எங்கள் டாக்டர்கள் அதை எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டோரில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெட்டியை உடைத்து அழிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். அழித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் ஸ்ட்ரெப்டோமைசினையே தொடரவில்லை என்று கேட்பீர்கள். தள்ளாடுகிற பெண்ணால் அப்பாவைப் புரட்டிப் போட முடியுமா, சார்? கை கால் உறுதியாக இருக்க வேண்டும். நான் யோசிக்காமல் எதுவும் செய்யவில்லை.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் ஊசி போடச் சொல்கிறார் என்று அவளிடம் சொன்னேன். “சரிக்கா” என்று திரும்பிப் படுத்தாள். மாணவிகளுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற விதி ஒன்று உண்டு: லேபிளை மூன்று தடவை படி. அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, குப்பியைத் திருப்பி வைக்கும்போது. என் வகுப்பிலேயே அதைத் தவறாமல் செய்கிறவள் அவள். ஆனால் வீட்டில் அக்கா கரைத்துக் கொண்டுவருகிற மருந்தை யார் எழுந்து பார்க்கப் போகிறார்கள்? குப்பியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான்.

எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஆங்கிலேய டாக்டர் பரிசோதிக்கும்போது கொஞ்சம் மந்தம் என்று எழுதுகிற அளவு. பேச்சுக் கேட்க வேண்டும், வேலை செய்ய வேண்டும், இங்கே நர்சாக இருக்க வேண்டும். அதனால் அளவு பார்த்துக்கொண்டேதான் போட்டேன். சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது என் கைக்கடிகாரம் அவள் காதுக்குப் பின்னால் வரும்படி வைத்துக்கொள்வேன். முதலில் ஒரு முழம் தள்ளி இருந்தாலே “ஒன் வாட்சு என்னா சத்தம் போடுது” என்பாள். பிறகு ஒரு சாண். பிறகு நாலு விரல்.

இருபத்துமூன்றாவது ஊசி அன்று அவளாகவே சொன்னாள்.

“அக்கா, காதுக்குள்ள சில்வண்டு கத்துத மாதிரி இரையுது. ஊசிதானோ?”

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவளே எழுந்தாள். தரையில் கடப்பைக் கல் இணைகிற கோடு ஒன்று வாசலிலிருந்து கட்டில் வரை போகும். அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து, நூல் பிடித்த மாதிரி நடந்தாள். திரும்பி ஒற்றைக்காலில் நின்றும் காட்டினாள். இம்மிகூட ஆடவில்லை.

“ஸ்ட்ரெப்டோமைசின்னா முதல்ல சக்கர்தான வரணும், தலை சுத்தணும்? எனக்கு சக்கர் வரலியே. நீதான கிளாஸ்ல சொன்ன. அப்ப இது ஊசி இல்ல.”

“மாத்திரையா இருக்கும். சரியாப் போவும்,” என்றேன்.

“நான் கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். எனக்கு நூத்துக்கு நூறு போடணும் நீ,” என்று சிரித்தாள். அப்பாவும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நானும் சிரித்தேன். பாடத்தை இவ்வளவு சுத்தமாக மனசில் வாங்கிக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு டீச்சருக்கு வருகிற பெருமை எனக்கு வந்தது. வேறு பெண்ணாக இருந்தால், பாடம் படிக்காத பெண்ணாக இருந்தால், காது இரைகிறது என்று நேரே டாக்டரிடம் ஓடியிருப்பாள். இவள் படித்தவள், அதனால் ஓடவில்லை.

நாற்பத்தொன்றாவது ஊசியோடு நிறுத்தினேன். போதும் என்று எனக்குத் தோன்றியது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நானாகத்தான் நிறுத்தினேன், யாரும் சொல்லி அல்ல.

ஆனால் அந்த மருந்து நிறுத்தினால் நிற்காது. ஊசி நின்று இரண்டு மாதம் கழித்துக்கூட உள்ளே அரித்துக்கொண்டே போகும். இதுவும் பாடத்தில் இருக்கிறது. ஒரு வரி. நான் வகுப்பில் அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன், பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்பதால். எனக்கே அது நினைவில் தங்கவில்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் நூர் நிஷா என்னைத் தன் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“பேராச்சியக்கா, ஒங்க தங்கச்சிக்கு என்மேல எதும் கோவமா? முதுகுக்குப் பின்னால நின்னு மூணு வாட்டி கூப்புட்டேன், திரும்பியே பாக்கல. வாப்பா தம்ளரப் போட்டு அந்தத் தட்டு தட்டுதாரு, அது பாட்டுக்கு உக்காந்து படிச்சிட்டிருக்கு.”

நூர் நிஷா அப்பாவை வாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளை அனுப்பிவிட்டு நான் உள்ளே போனேன். முப்பிடாதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். அப்பா நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மண்டைக்குள் தட்டுகிற மாதிரி இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவு அமைதியாக அந்த அறையில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. இத்தனையும் நான் பட்டு, கடைசியில் தப்பித்துக்கொண்டவள் அவளா என்று வந்தது. அப்பாவிடம் போய் நான்தான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்டுக்குள் முழுக்கப் போய்விட்டது. காது டாக்டர் பார்த்தார். க்ஷயம் வந்த உடம்பு, மருந்தின் பின்விளைவு, என்ன செய்வது என்று கையை விரித்தார். தொண்ணூறு ஊசிக்கு இவ்வளவா என்று ஒரு வார்த்தை கேட்டார். சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்றேன். பர்மிங்ஹாமுக்கு நானே கடிதம் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன். நம்பமாட்டீர்கள், சத்தம் போட்டே அழுதேன், அவளுக்குக் கேட்காது என்பதால்.

ஆனால் பாதகமில்லை என்றுதான் தேற்றிக்கொண்டேன். வகுப்பில் அவளை முதல் பெஞ்சில் உட்காரவைக்க மேட்ரனிடம் பேசி ஏற்பாடு செய்தேன். உதட்டைப் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். பாஸ் பண்ணினால் ஊசி அறையிலோ ஸ்டோரிலோ வேலை கிடைக்கும், என்னோடு ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மாஹிம் மட்டும்தான் நின்றுபோயிற்று. தட்டுவது கேட்காதவளை அவரோடு தனியாக விட்டுப் போக முடியாதல்லவா.

இப்போது குப்பிகளைப் பற்றி. எங்கள் ஆஸ்பத்திரியில் காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் குப்பி. பதினெட்டு வருஷப் பழக்கம், காலிக் குப்பியைத் தூக்கி எறிய எனக்குக் கை வராது. இந்தக் குப்பிகளைத் திருப்பவும் முடியாது, அழித்ததாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. சந்தில் போட்டால் சிறு பிள்ளைகள் எடுத்து வாயில் வைக்கும். மருந்துக் குப்பி பிள்ளைகள் கையில் சிக்கக் கூடாது என்பது எனக்குக் கண்டிப்பு. அதனால் ஒவ்வொன்றையும் லேபிள் கெடாமல் கழுவித் துடைத்து ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். கழுவும்போது இரண்டு கைதவறி உடைந்தன. மீதி முப்பத்தொன்பது.

செப்டம்பரில் ஒரு பெருமழையில் பரண் பக்கம் ஒழுகியது. நான் டியூட்டியில் இருந்தேன். முப்பிடாதி பாத்திரம் வைக்க ஏறியிருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது டப்பா அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. நான் எப்போதும் லேசாகத்தான் மூடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். மறுநாளும் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் எதையாவது சொல்வேன் என்று. நான் உப்பு கொஞ்சம் தூக்கல், ரயில் லேட், நாளைக்குத் துணி ஊறவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு வகுப்புப் பரீட்சை. கேள்வி எழுதினது நான்தான். நாலாவது கேள்வி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடும் நர்சின் கடமைகள், இருபது மதிப்பெண். மற்ற மூன்று கேள்விக்கும் எல்லாரையும் போல இங்கிலீஷில் எழுதியிருந்தாள். நாலாவதை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். நான் பழக்கிக்கொடுத்த அதே உருண்டைக் கையெழுத்து. எனக்கு மட்டும் விளங்கினால் போதும் என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாள் உங்கள் முன்னால்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு மனப்பாடம், சொல்கிறேன்.

‘லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும். இந்த நோயாளி முதல் இரண்டு தடவை படிக்கவில்லை, ஊசி போட்டவர் மேல் நம்பிக்கை இருந்ததால். மூன்றாவது தடவை, குப்பி திருப்பி வைக்கப்பட்ட இடத்தில், படித்தாள். டைஹைட்ரோ. முப்பத்தொன்பது. காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் நர்ஸ் உடனே மருந்தை நிறுத்தி டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். நோயாளி சொன்னாள்.’

அவ்வளவுதான் பதில். தப்பு ஒன்றும் இல்லை. வரிசை சரி, அறிகுறி சரி, கடமை சரி. எண்ணிக்கை மட்டும் தப்பு. உடைந்துபோன இரண்டு அவளுக்குத் தெரியாது. திருத்தினேன். அரை மதிப்பெண் குறைத்து, இருபதுக்குப் பத்தொன்பதரை போட்டேன். வகுப்பிலேயே அதுதான் அதிகம். திருத்திய தாள்களை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, ஒப்படைத்தேன். கிழித்திருக்கலாமே என்கிறீர்கள். ஒரு மாணவியின் விடைத்தாளைக் கிழிக்க எனக்கு உரிமை கிடையாது, சார்.

ஆமாம். நாற்பத்தொரு ஊசியும் என் கையால்தான் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நான் வேறு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, கை கால் திடமாக இருக்கிறது. அக்காவும் தங்கையும் பிரியாமல் ஒரே வீட்டில் இருக்கிறோம். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

மணி நாலு அடிக்கப் போகிறது. கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. நாலரைக்கு அப்பாவைப் புரட்ட வேண்டும். நூர் நிஷா ஐந்து மணிக்குமேல் இருக்கமாட்டாள், அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும். முப்பிடாதி வீட்டில் இருப்பாள்தான், ஆனால் அவர் தட்டினால் யார் பார்ப்பது?

என்ன சொல்கிறீர்கள்? ஹாஸ்டலுக்கா? எப்போது?

காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்பியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளா. இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொன்னாளா. இல்லை சார், நீங்கள் கேட்டது அவளுக்கு விளங்கியிருக்காது. உங்கள் உதடு அவளுக்குப் பழக்கமில்லை. எழுதியா கொடுத்தாள்? தமிழிலா? காட்டவேண்டாம். நான் பார்க்க வேண்டியதில்லை.

அவள் வருவாள். நீங்கள் அவளைச் சின்ன வயசில் பார்த்ததில்லை. என்னை வீட்டுக்கு விடுங்கள் போதும், நான் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவாள்.